மஞ்சள் நகல்

வெள்ளைத் தாள் நீதிமன்றத்துக்கு,
இளஞ்சிவப்பு பள்ளிக்கு,
மஞ்சள் எங்களுக்கு.
அடியில் கிடந்த தாள் என்பதால்
எழுத்து பாதிதான் விழுந்திருக்கிறது.
யாதிரா கரஸ்கோ, வயது பதினைந்து.
காரணமின்றி வராத நாட்கள் பத்து.
கீழே என் பெயர், ஓர் எழுத்து குறைவாக.
அபராதம் ஐந்நூறு டாலர் வரை.
அந்த ‘வரை’யில்தான்
இரண்டு இரவு தூங்காமல் கிடந்தேன்.

இந்த ஊரின் பெயருக்கே
எங்கள் மொழியில் மஞ்சள் என்றுதான் அர்த்தம்.
அமரில்லோ.
நான் ஓட்டுவதும் மஞ்சள்:
பள்ளிப் பேருந்து, எண் முப்பத்தொன்று.
அறுபத்திரண்டு பிள்ளைகளை
ஏழு ஐம்பதுக்கு வாசலில் இறக்கிவிடுவேன்.
பதின்மூன்று வருடத்தில்
பனிக்கு இரண்டு நாள், ஆலங்கட்டிக்கு ஒரு நாள்,
மற்றபடி பிந்தியதில்லை.
டிப்போவில் சிரித்தார்கள்.
சிரிக்கட்டும். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

“எங்கே போனாய்?”
“எங்கேயும் இல்லை.”
“யாரோடு?”
“யாரோடும் இல்லை.”
கத்தினேன். போனைப் பிடுங்கினேன்.
அது பூட்டுப் போடாமலே இருந்தது;
அழைப்புகளில் என் எண்ணும்
பல் டாக்டர் எண்ணும் மட்டும்.
அதைப் பார்த்தபோதாவது நிறுத்தியிருக்கலாம்.

விசாரணை செவ்வாய் காலை எட்டரைக்கு.
பள்ளிக்கு வராததற்கு வழக்கு;
வழக்குக்கு வந்ததால் பள்ளிக்கு வரவில்லை.
பதினோராவது நாள்.
எனக்குப் பதிலாக வண்டியெடுத்தவர் வழி தெரியாமல்
கால்நடைச் சந்தைப் பக்கம் சுற்றிவிட்டு வர,
அறுபத்திரண்டு பேருக்கும் அன்று தாமதக் குறி.

நீதிபதி ஹாலிஸ் அம்மாள்
இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
படிவத்தைப் படித்தார்.
நோயா, பயணமா, சாவா, வேறா.
‘வேறு’ என்பதற்கு எதிரே அரை அங்குலக் கோடு.
“இதில் நான் என்ன எழுதட்டும்?”

யாதிரா சட்டையின் கைநுனியை இழுத்து
விரல்களை மூடிக்கொண்டாள்.
“முன்வாசலில் பதினோரு படி.
ஒன்பதாவது வரைக்கும் ஏறிவிடுகிறேன்.”
“அப்புறம்?”
“அப்புறம் சலவைக் கடைக்குப் போய்விடுவேன்.
அங்கே எல்லோரும்
அவரவர் துணி சுற்றுவதைத்தான் பார்ப்பார்கள்.”

யாரும் சிரிக்கவில்லை.
தட்டச்சு செய்த பெண் மட்டும்
ஒன்பதா பதினொன்றா என்று மறுபடி கேட்டாள்.

எனக்கு டாவோ ஞாபகம் வந்தான்.
முதல் வகுப்பு, என் கடைசி நிறுத்தம்.
வீட்டுக் கம்பிக் கதவைப் பிடித்தால் விடமாட்டான்.
விதி முப்பது விநாடி என்கிறது.
நான் ஹாரன் அடிப்பதில்லை.
கதவைத் திறந்து வைத்துவிட்டு
வேறெங்கோ பார்ப்பதுபோல் இருப்பேன்.
வந்துவிடுவான்.
சில நாள் இரண்டு நிமிடம். சில நாள் நான்கு.
பிள்ளைகள் வீட்டைவிட்டு எப்படிக் கிளம்புவார்கள்,
அறுபத்திரண்டு விதமும் எனக்குத் தெரியும்.
யாதிரா எப்படிக் கிளம்புவாள் தெரியாது.
ஐந்தேகாலுக்கு நான் போய்விடுகிறேன்.

தொண்ணூறு நாள் தள்ளிவைத்தார்கள்.
ஆலோசகர் ஒருவரின் எண் தந்தார்கள்.
நீதிமன்றச் செலவு எழுபத்தாறு டாலர், இன்றே.
அந்த அரை அங்குலத்தில் அம்மாள் என்ன எழுதினார் என்பது
எங்கள் நகலில் படியவில்லை.

பத்து நாற்பதுக்குப் பள்ளி.
பேருந்துகள் மட்டும் நிற்கலாம் என்ற இடத்தில்
என் காரை நிறுத்தினேன்.
இறங்கினாள்.
எண்ணாதே என்று சொல்லிக்கொண்டே எண்ணினேன்.
ஏழு. எட்டு. ஒன்பது.
நின்றாள்.
காற்று அவள் பையை ஒருபக்கமாகத் தள்ளியது.
அவள் திறந்துவிட்டுப் போன கதவை நான் சாத்தவில்லை.
கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கொடிக்கம்பத்தில் பார்க்க ஏதோ இருப்பதுபோல.

என் பக்கக் கண்ணாடியை யாரோ தட்டினார்.
காவலர். கையில் அதே மாதிரிப் புத்தகம்.
“இங்கே நிறுத்தக் கூடாது.”
“தெரியும்,” என்றேன். “எழுதுங்கள்.
மெதுவாகவே எழுதுங்கள்.
எவுசேபியோ.
போன முறை ஓர் எழுத்து விட்டுவிட்டார்கள்.”