மூன்றாம் ஷிப்ட்

புதுவயலில் எங்கள் அரைவை மில்லை
மூடி எட்டு மாதம்.
உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

இரண்டேகாலுக்கு எழுந்து
சட்டையைத் தேடுகிறது கை.
பாய்லர் இரைச்சல் காலிசெய்த காதில்
பக்கத்து வீட்டு மோட்டார்,
காரைக்குடிப் பக்கம் ஒரு ரயில்,
புரண்டு படுக்கும் தெய்வானையின் வளையல்.

மருந்துக்கடைக்காரர் அரை மாத்திரை தந்தார்.
கால்கள் மட்டும் தூங்கின.

பகல் பதினொன்றுக்கு
ரேஷன் கடையில்
சாக்குமூட்டைமேல் சாய்ந்துவிட்டேன்.
நாலு நிமிடம் இருக்கும்.
உமி பறந்துகொண்டிருந்தது.
வருகைப் பதிவேட்டில்
யாரோ என் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்கள்,
ஒரு எழுத்தைப் பிழையாக.
"அண்ணே, உங்க கார்டு" என்று
எழுப்பிவிட்டான் பில் போடும் பையன்.

இன்றும் இரண்டேகால்.
ஒரு கை சட்டைக்குள் போய்விட்டது.
கண் திறக்காமலே கேட்கிறாள் தெய்வானை:
"இன்னைக்கு லீவு சொல்லிரக் கூடாதா?"