புதுப்பாடம் கிடையாது

ப்ரிச்கோவில், சாவா ஆற்றைப் பார்த்தபடி எங்கள் பள்ளி.
ஒரு நாள் லத்தீன் எழுத்தில் கரும்பலகை நிறைப்பேன்,
மறுநாள் சிரிலிக்கில்.
எண்கள் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.
கணக்கு வாத்தியாருக்கு இந்த ஊரில்
கொஞ்சமாவது தூக்கம் வருவது அதனால்தான்.

ஐந்தாம் வகுப்பில் இருபத்திரண்டு பேர்:
ஒன்பது, ஏழு, ஐந்து,
மீதி ஒன்று.

பள்ளியில் ஒரு விதி உண்டு.
பண்டிகைக்காக ஒரே ஒரு பெஞ்சு காலியானாலும்
அன்று புதுப்பாடம் கிடையாது,
பழையதையே திரும்பச் சொல்ல வேண்டும்.

டிசம்பரில் இவோனாவும் கூட்டமும் வராத நாள்.
நெமன்யா வீட்டுப் புனிதருக்கு ஒரு தேதி,
அவன் சித்தப்பா மகளின் தாய்வீட்டுப் புனிதருக்கு வேறொரு தேதி,
அதற்கும் போவான். நான் கேட்பதில்லை.
பைராம் ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து
என் தேர்வு அட்டவணைமேல் வந்து உட்காரும்.
ஈஸ்டர் இரண்டு.
அபூர்வமாய் இரண்டும் ஒரே ஞாயிறில் விழும் வருடம்
சாமி கும்பிடாத நானும்
மேலே பார்த்து ஒரு நன்றி சொல்வேன்.

பின்னங்களை அக்டோபரில் தொடங்கினேன்.
மார்ச் வந்தும்
பகுதியைத் தாண்டவில்லை.

யாஸ்னா எல்லா நாளும் வருவாள்.
அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம்,
வீட்டில் மரமும் இல்லை, சாய முட்டையும் இல்லை, ஆடும் இல்லை.
படிவத்தில் 'ஏனையோர்' என்ற கட்டம்.
அரையும் காலும் முக்காலும்
காதில் விழுந்து விழுந்து தேய்ந்துபோய்
ஜன்னல் வழியே படகுகளை எண்ணிக்கொண்டிருப்பாள்.

ஒரு வியாழக்கிழமை மேசைமேல் ஒரு கடிதம்:
'நாளை எங்கள் வீட்டில் பண்டிகை.
பெயர் இன்னும் வைக்கவில்லை.'
கீழே அப்பாவின் கையெழுத்து லத்தீனில்,
அம்மாவின் கையெழுத்து சிரிலிக்கில்.
இரண்டும் ஒரே ஊதா பேனா,
ஒரே கை.

அலுவலகத்தில் வெசெல்கா
காரணப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை தடவினாள்.
"இப்படி ஒன்று இல்லையே, சார்."
பென்சிலால் எழுதச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை. இருபத்தொரு தலைகள்.
யாருடைய கிறிஸ்துமஸும் இல்லை, பைராமும் இல்லை,
எந்தப் புனிதரும் அன்று எழுந்திருக்கவில்லை.
ஐந்து மாதம் காத்திருந்த பாடம்.
சாக்பீஸை எடுத்தேன்.
தேதி எழுதினேன்.
அதற்குக் கீழே
அக்டோபர் மாதத்துக் கணக்கு.

"இன்னைக்கு யாருக்குப் பண்டிகை சார்?" என்றான் எல்வெடின்.
"திங்கக்கிழமை கேட்டுச் சொல்றேன்."

திங்கள் காலை
எல்லாருடைய பலகாரமும் வந்துபோகும் அதே மாதிரி டப்பாவில்
உருளைக்கிழங்கு பீட்டா, ஓரமெல்லாம் கருகி.
"நானே சுட்டது," என்றாள்.
எண்ணிப் பார்த்தேன், இருபத்துமூன்று.
எனக்கும் ஒன்று.

துண்டில் ஒன்றுகூடச் சமமில்லை.
சமபாகம் இன்னும் நடத்தவில்லையே,
அவளைச் சொல்லிக் குற்றமில்லை.