உதிரி ஓட்டங்கள்

ரீஷயர் தந்தி ஆபீசில் எனக்கு இரண்டு உத்தியோகம்.
வாரம் முழுக்கக் கம்பிக்குக் காது கொடுப்பேன்,
சனிக்கிழமை பிற்பகல்
கேப்டன் ஹெரிவர்ட் லாங்டேலின்
ஓட்டங்களுக்குக் கோடு போடுவேன்.
இரண்டாவதற்குச் சம்பளமில்லை.
பரங்கிமலைச் சவரிராயன்,
கையெழுத்து நன்றாயிருந்த குற்றத்துக்கு
இந்த உப்புத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

புல் கிடையாது. மலையாளக் கயிற்றுப் பாயைக்
கப்பலில் வரவழைத்து
நாலு மூலைக்கும் கூடார ஆணி அடித்தார்.
ஷமால் காற்றில் பாய் மூச்சு விடும்.
வெயிலில் பந்தின் தோல் வாய் பிளந்தது.
புஷயர் கடைத்தெருச் சேணக்காரன்
கழுதைத் தோல் வைத்துத் தைத்துக் கொடுத்தான்.
அதற்குப் பிறகு அது ஒரே பக்கம்தான் திரும்பும்,
கடன் வாங்கியவன் மாதிரி.

கேப்டன் சொல்வார்:
அவர் சீமையில் கனவான்கள் மட்டை பிடிப்பார்கள்,
கூலிக்கு வந்தவர்கள் பந்து வீசுவார்கள்,
மைதானத்துக்குள் வர இருவருக்கும் வேறு வேறு வாசல்.
நான் சிரிக்கவில்லை.
எங்கள் தேவாலயத்துக்குள்ளும்
இடுப்பளவுக்கு ஒரு சுவர் உண்டு.

இருபத்திரண்டு வயதில், கென்ட்டுக்காக,
தொண்ணூற்றாறில் ஆட்டமிழந்தவர்.
அதைச் சொல்லும்போது மீசை நுனியைக் கடிப்பார்.
பிறகு பட்டாளம், அபிசீனியா, மஞ்சள் காமாலை,
கடைசியில் இந்த வளைகுடா. ஈயும் பேரீச்சையும்.
நூறு எங்கேயும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை
வீசியவன் தில்முராத், பலூச் படைச் சிப்பாய்,
வெறுங்கால்.
கேப்டன் எண்பத்து மூன்று.
ஓவரின் நாலாவது, கடைசிப் பந்து.

டிக்.

ஷீராஸ் கம்பியில் இடிமழைக்கு நடுவே
புள்ளியையும் கோட்டையும் பிரித்தெடுக்கிற காது என்னுடையது.
விக்கெட்டுக்குப் பின்னால் கோவாச் சமையல்காரன் பாஸ்கோல்
பிடித்த பந்தோடு வாயைத் திறந்தான்,
கேப்டனைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.
அம்பயராய் நின்ற சின்ன லெப்டினன்ட்
கடலில் எதையோ தேடினார்.
தில்முராத் ஒரு கையைத் தூக்கி
பாதியில் அதைக் கொண்டு தலைப்பாகையைச் சரிசெய்தான்.
கேப்டன் பாயின் சுருக்கத்தை மட்டையால் தட்டினார்,
தட்டிக்கொண்டே இருந்தார்.

நான் ஒரு புள்ளி வைத்தேன்.
ஓட்டமில்லாத பந்துக்குப் புள்ளி.
தந்தியிலும் அதுதான் ஆகச் சின்ன எழுத்து.

பிறகு நூறு. நூறேதான், அடுத்த பந்தில் ஸ்டம்ப் பறந்தது.
கைதட்டல். எலுமிச்சை சர்பத்.

இரவு ஒன்பதுக்கு ஆபீசுக்கு வந்தார்.
லண்டனில் அக்காளுக்குத் தந்தி.
சொல்லுக்கு எத்தனை ரூபாய் என்று கேட்டார், தெரிந்தும்.
'ரீஷயரில் நூறு' என்று எழுதி
என் பக்கம் தள்ளினார், விரலை எடுக்கவில்லை.
விளக்கடியில் பூச்சிகள் விழுந்துகொண்டிருந்தன.
"உனக்கு நல்ல காது, இல்லையா?"
"ஆமாம் துரை."
காகிதத்தை நாலாக மடித்துச்
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஆகஸ்டில் காலரா. மூன்றே நாள்.
அக்காளுக்கு நான்தான் அடித்தேன்:
ஒன்பது சொல், சர்க்கார் செலவு.

சாமான்களை ஏலம் விடும் முன்
ஸ்கோர் புத்தகம் என்னிடம் திரும்பி வந்தது.
என் நூறின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு.
பக்கத்தில் அவர் கையெழுத்து:
பிடித்தவர் பாஸ்கோல், வீசியவர் தில்முராத், 83.
தேதி போடவில்லை.
முந்தின இரவா, காய்ச்சலிலா, தெரியாது.

இப்போது மொத்தம் உதைக்கிறது.
பதினேழு ஓட்டம் யாருடையதும் இல்லை.
ஓடியது நிஜம். தூசி எழும்பியதைப் பார்த்தேன்.
உதிரிகள் பத்தியில் எழுதிவிடலாமா என்று
பேனாவை நனைத்து நனைத்துக் காயவிடுகிறேன்.

தில்முராத்துக்குச் சொல்ல வேண்டும்.
அவன் படை காந்தகாருக்குப் போய்விட்டது.
அங்கேயும் கம்பி போட்டிருக்கிறார்கள்.
படிவத்தில் பெறுநர் என்ற இடத்தில்
சிப்பாய் என்று இதுவரை யாரும் எழுதியதில்லை.