எழுத்துப் பக்கம் கீழே

மேசைக்கடியில் இருப்பது தொண்ணூற்றேழாம் வருடத்துக் கணினி.
வாங்கும்போது வெள்ளை,
இப்போது ஆறிப்போன பால்தேநீர்.
இணையம் என்றால் அதற்குத் தெரியாது.
ஒரே வேலைக்காக வைத்திருக்கிறேன்: ஃபேக்ஸ்.
டெம்ப்ளினில் என் மருத்துவரும் காப்பீட்டு அலுவலகமும்
இன்னும் அதைத்தான் நம்புகிறார்கள்.

அனுப்புவதில் கஷ்டமில்லை.
கடிதத்தை ஒற்றை விரலால் தட்டுகிறேன்,
அடியில் கையெழுத்தை ஒட்டுகிறேன்.
தொண்ணூற்றொன்பதில் ஒரு தாளில் போட்டு
ஸ்கேன் செய்து வைத்த கையெழுத்து அது.
உறைந்த ஏரியில் சறுக்குபவள் இழுத்த கோடு போல
கடைசி எழுத்து நீண்டு, வளைந்து, நிற்கும்.
அதற்கு நாற்பத்தொன்பது வயது.
அதற்குமேல் அது ஒரு நாள்கூட மூப்படையவில்லை.

கை மூப்படைந்தது.
கோப்பை தட்டோடு பேசத் தொடங்கி நாலு வருடமாகிறது.
யாரிடமும் சொல்லவில்லை,
கடிதங்களும் காட்டிக்கொடுக்கவில்லை.

வாங்குவதுதான் தொல்லை.
ஒரே கம்பியில் தொலைபேசியும் கணினியும்.
மூன்றாவது மணிக்குள் நான் எடுக்காவிட்டால்
அது எடுத்துக்கொள்ளும்,
அழைத்தவர் காதுக்குள் விசிலடிக்கும்.
இர்ம்கார்ட் தன் இடது காது மந்தமானதே
என்னால்தான் என்கிறாள்.

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை, மழை.
மூன்று மணி அடித்து, கரகரத்து,
வரி வரியாகத் திரையில் இறங்கியது ஒரு பக்கம்.
வெறும் பக்கம்.
உச்சியில் மட்டும் தேதி, நேரம், ஹூசும் ஊரின் எண்.

ஹூசுமில் எனக்கு ஒருவனைத்தான் தெரியும்.
பதினோரு வருடமாக என்னிடம் எதுவும் சொல்லாதவன்.
இப்போது அதையே எழுதி அனுப்பிவிட்டான்
என்று நினைத்தேன்.

அப்புறம்தான் புரிந்தது,
தாளைப் புரட்டிப் போட்டிருக்கிறான் தம்பி.
பதில் தட்டினேன்:
‘எழுத்துப் பக்கம் கீழே இருக்க வேண்டும், ஹார்ட்விக்.’
பழக்கதோஷம், அதற்கும் கையெழுத்தை ஒட்டினேன்.

பத்து நிமிடத்தில் சரியான பக்கம் வந்தது.
அப்பாவின் படகுக் கொட்டகைக்கு ஆள் கிடைத்திருக்கிறது.
முன்சம்மதம் போதும், மீதி பத்திர அலுவலகத்தில்.
‘அன்புள்ள’ கிடையாது, நலமா கிடையாது.
நான் கையொப்பமிட வேண்டிய இடத்தில்
பேனாவால் ஒரு பெருக்கல் குறி.
அழுத்தமானது. அவனுடையதுதான்.

ஒட்டியிருக்கலாம்.
ஏனோ ஒட்டவில்லை.
அச்சடித்து, பேனாவைத் திறந்து, மூச்சை நிறுத்திப் போட்டேன்.
ஸ்கேனரின் விளக்கு அதன் அடியில் ஊர்ந்து போனது,
போலீஸ்காரன் டார்ச் அடிப்பது போல.

அவன் பதிலில் எழுத்துகள் பெரிதாக இருந்தன:
‘இது உன் கையெழுத்து இல்லை.
காலையில் வந்ததுதான் உன்னுடையது.
இது யார் போட்டது?’

‘இரண்டும் நான்தான்.
நடுவில் பதினேழு வருடம்’ என்று தட்டி,
இந்த முறை எதையும் ஒட்டாமல் அனுப்பினேன்.
பக்கம் ஒன்றில் ஒன்று. சென்றடைந்தது.

பிறகு ஒன்றுமில்லை.
கணினியின் விசிறி மட்டும்.
உருளைக்கிழங்கு வேகப் போட்டேன்.

மணி அடித்தது.
வருவது தாளா, ஆளா?
மணிச்சத்தத்தில் வித்தியாசம் கிடையாது.
இரண்டாவது மணிக்கு மண்டியிட்டு மேசைக்கடியில் நுழைந்தேன்.
மோடத்தில் செருகிய கம்பிக்கு
ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு உண்டு,
அதை அமுக்கினால்தான் விடும்.
அமுக்க விரல் நிற்கவில்லை.

மூன்று.
கணினி எடுத்துக்கொண்டது,
தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் கத்தியது.
அந்தக் கத்தலுக்குள் எங்கோ
ஒரு மனிதக் குரல்,
இயந்திரத்திடம் கேட்டது: ‘ரோசி?’

அறுந்தது.

இப்போது கம்பியைப் பிடுங்கிவிட்டேன்.
விரிப்பில் உட்கார்ந்திருக்கிறேன், அது கையில் ஆடுகிறது.
அடுப்பில் தண்ணீர் பொங்கி வழியும் சத்தம்.
வழியட்டும்.
அவன் பிடிவாதக்காரன்,
இன்னொரு முறை அடிப்பான்.