ஒன்பதில் ஒரு பங்கு

பத்திரத்தை வாய்விட்டுத்தான் படிக்க வேண்டும்,
இத்தாலியில் அப்படித்தான்.
நோட்டரி பல்லடீனோ படிக்கிறார்.
அவர் மூச்சு வாங்கும் இடங்களில்
நான் ஆங்கிலமாக்குகிறேன்,
மணிக்கு நாற்பது யூரோ.

வாங்குபவர் மாரென் டொஃப்ட்டே, டென்மார்க்.
முப்பது வருடம் கப்பல் இயந்திர அறையில்.
ஸ்பேனர் பிடித்த கையில்
பேனா ஒரு தீக்குச்சி.

விற்பவர்கள் எட்டுப் பேர்:
நுன்ட்சியா, தொனாத்தோ,
தொனாத்தோவோடு பேசாத தம்பி,
விடுப்பெடுத்து வந்த இரட்டையர்,
சுவரோரம் இன்னும் இருவர்,
தூதரக முத்திரையோடு
டொரொன்டோவிலிருந்து ஒரு காகிதம்.
காகிதத்துக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அடமானம் இல்லை. ஜப்தி இல்லை.
வரைபடத்தில் கழுதைக் கொட்டில் என்றிருந்த அறையில்
இப்போது குளியல் தொட்டி.
அபராதம் கட்டி, திருத்தி, ரசீதும் இணைத்தாயிற்று.
பக்கத்துக் காட்டுக்காரருக்கு முதல் உரிமை,
வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பிறகு ஆறாம் பக்கம்.
வெளிப்புறப் படிக்கட்டு, படிகள் பதினொன்று,
ஒன்பதில் ஒரு பங்கு நீங்கலாக.

'நீங்கலாக' வந்தபோது
நோட்டரியின் குரல் கொஞ்சம் ஓடியது.
நான் ஓடவில்லை.
அதற்குத்தான் கூலி.

பழைய பாகப்பிரிவினையில்
படிக்கட்டு மட்டும் விட்டுப்போயிருக்கிறது.
ஒன்பதாவது பங்கு கஸ்பாரேயுடையது.
ஐம்பத்தொன்றில் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறியவர்.
இறப்புச் சான்று இல்லை. வாரிசு தெரியவில்லை.
இருந்தால் வயது நூற்று நான்கு.

எந்தப் படி அவருடையது? மாரென் கேட்டார்.
அதை மட்டும் தாண்டிப் போகிறேன்.

எந்தப் படியும் இல்லை, சின்யோரா.
ஒவ்வொரு படியிலும் ஒன்பதில் ஒன்று.

தொனாத்தோ சிரித்தார்.
பேசாத தம்பியும் சிரித்துவிட்டு
உடனே நிறுத்திக்கொண்டார்.

வழி உண்டு, என்றார் நோட்டரி.
இருபது வருடம் தடையில்லாமல்,
உங்களுக்கே உங்களுக்கென்று அனுபவித்தால்,
வேறொருவரையும் பங்காளியாக ஏற்காமல் இருந்தால்,
நீதிமன்றம் படியை உங்களுக்கே தரும்.

மாரென் கூட்டிப் பார்த்தார்.
அறுபத்தேழும் இருபதும் எண்பத்தேழு.
"முழங்கால் சம்மதித்தால்."
இதை நான் இத்தாலியனில் சொன்னபோது
நுன்ட்சியா எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினாள்.

"நடுவில் கஸ்பாரே வந்துவிட்டால்?"

ஏற விடாதீர்கள், என்றார் நோட்டரி,
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

கையெழுத்துகள். காசோலை. சாவி,
உள்ளங்கை நீளத்தில் ஒரு இரும்பு.

நான் துராஸிலிருந்து படகில் வந்தவள்.
ஒரே வீட்டில் இருபத்தோரு வருடம்.
எனக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.
மாதாமாதம் வாடகை கொடுத்திருக்கிறேன்,
ரசீதுகள் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன,
வீடு என்னுடையதில்லை என்பதற்கு
இருநூற்றைம்பத்திரண்டு சாட்சிகள்.

மார்ச்சில் தண்ணீர் வரித் தாளைப் படித்துச் சொல்லக் கூப்பிட்டார்.
போய்ச் சேர இருட்டிவிட்டது.
பதினோரு படிக்கும் மேலே
புதிதாக ஒரு விளக்கு,
கப்பல் தளத்தில் இருப்பதுபோல் கம்பிக் கூண்டோடு.
கீழ்ப் படியருகே சுவரில் கைப்பிடி,
முதியவர்கள் பிடிக்கும் உயரத்தில்.
மாரெனுக்கு அது தாழ்வு.
மேலே கதவருகில்
ஒரு நாற்காலி.

யாருக்கு இதெல்லாம், என்றேன்.

எனக்குத்தான், என்றார் மாரென்,
சாட்சிக்கூண்டில் நிற்பவர் போல் நிமிர்ந்து.
எனக்கே எனக்கு.
எழுதிக்கொள்.