பகலில் தூங்கும் தெரு

பெனிஷ் துறைமுக ஊரில்
வீட்டுத் தரகர்கள் முதலில் கடலைத்தான் திறந்து காட்டுகிறார்கள்.
ஸுல்மிரோவும் அப்படித்தான்.
சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே படியேறினார்.
குழாயைத் திருகவில்லை, அடுப்பைக் காட்டவில்லை,
நேரே போய் ஜன்னலை விரித்துவிட்டு
ஒதுங்கி நின்றார்,
நேற்றுத்தான் தன் கையால் நிரப்பிவைத்தவர்போல.

நான் கேட்டேன்:
காலை பத்து மணிக்கு இங்கே என்ன சத்தம் இருக்கும்?

அவருக்கு விளங்கவில்லை.
மருத்துவமனையில் எனக்கு இரவுப் பணி.
ஊர் ரொட்டி வாங்கக் கிளம்பும் நேரத்தில்
நான் செருப்பைக் கழற்றுவேன்.
இந்தக் கடலைப் பார்க்கப்போவது
என் மூடிய இமைகள்தான்.

பலெயால் கரையில் அந்த வீடு.
அழகில்லை என்று சொன்னால் வாய் வேகும்.
வெள்ளைச் சுவர், வாசலில் மணல்,
மாடிதோறும் சாய்த்துவைத்த அலைச்சறுக்குப் பலகைகள்.
ஒப்பந்தத்தில் எட்டாவது வரி:
ஜூன் முப்பது வரை.
அதன்பின்?
"அதன்பின் கோடை" என்றார்,
அதற்குமேல் கேள்வியே இல்லை என்பதுபோல.
கோடையில் ஒரு வாரத்துக்கு வாங்குவதை
என்னிடம் ஒரு மாதத்துக்குத்தான் வாங்குகிறார்கள்.
நான் நன்றி சொல்ல வேண்டுமாம்.
பள்ளி முடிந்த மறுவாரம்
பெனடீட்டாவையும் ஃப்ரிட்ஜையும்
எந்த மணலில் இறக்கிவைப்பேன்?

ஓர் அக்டோபர் இரவு தனியாகப் போய்ப் பார்த்தேன்.
தெருவில் நாற்பத்தோரு வீடுகள்.
விளக்கெரிந்தது ஆறில்.
அதில் ஒன்று காவலாளியுடையது.

அடுத்தது மதிலுக்குள், பழைய ஊரில்.
புதுப் பெயின்ட் வாசனை.
கிருமிநாசினி அதிகம் மணக்கும் வார்டில்தான்
ஏதோ நடந்திருக்கும் என்று
பதினாறு வருடத்தில் கற்றிருக்கிறேன்.
மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
அலமாரியை நகர்த்தினோம்.
பின்சுவரில் கறுப்பாய் ஒரு கண்டம்,
ஓரமெல்லாம் குட்டித் தீவுகள்.
"கடற்காற்று" என்றாள் வீட்டுக்காரி தெயோலிந்தா,
தூரத்து உறவை அறிமுகப்படுத்தும் குரலில்.
இவளுக்கு ஆஸ்துமா என்றேன்.
"அதற்குக் கடற்காற்று நல்லதாயிற்றே!"

மூன்றாவதை யாரும் காட்டவில்லை.
காரை நிறுத்த இடம் தேடி
மத்தி அடைக்கும் ஆலைக்குப் பின்னால் போய்ச் சிக்கினேன்.
பகல் பதினொன்று.
தெரு முழுக்க ஜன்னல் மறைப்புகள் இறங்கியிருந்தன.
யாரோ செத்துப்போயிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.
ஒரு பையன், பந்தை உதைக்காமல்
இரு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தான்,
முனை திரும்பும்வரை.
திரும்பிய பிறகு கேட்டது முதல் உதை.

ஒரு கதவில் அட்டை:
"மணியடிக்காதே. இரவு ஷிஃப்ட். பார்சலை லுர்தெஸிடம் கொடு."
பக்கத்துக் கதவில் லுர்தெஸின் அட்டை:
"நானும்தான். மூன்றுக்குப் பிறகு வா."

காரின் கதவை
விரலால் அழுத்தி, ஓசைப்படாமல் மூடினேன்.

இரண்டாம் மாடி. ஹீட்டர் கிடையாது.
நினைத்ததைவிட முப்பது யூரோ கூடுதல்.
குளியலறை முக்காலியில் ஏறினால்
கலங்கரை விளக்கின் நெற்றி மட்டும் தெரிகிறது.
தெற்குக் காற்று அடித்தால்
வீடே ஒரு டப்பாதான், நாங்கள் உள்ளே அடுக்கிய மீன்கள்.
பெனடீட்டா மூக்கைப் பொத்திக்கொண்டே
பெரிய அறை தனக்கு என்றாள்.
ஸுல்மிரோ தொலைபேசியில் வருந்தினார்:
"அங்கேயா? கடல்கூடத் தெரியாதே, அம்மணி."

முதல் காலை, எட்டரை மணி.
கதவில் அட்டை, மகளின் கையெழுத்து,
தூக்கம் என்பதில் ஓர் எழுத்தைக் காணோம்.
கடற்காகங்களுக்கு வாசிக்கத் தெரியாது,
கூரையில் சண்டை.
போர்வையைத் தலைக்கு மேல் இழுத்தேன்.
மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
பாதியில் நின்றது.
பிறகு தூக்கிவைத்தார்கள்.