நீம் நகரில் தென்றல்

மலிவான பயணச்சீட்டு என்பதைத் தவிர
இந்த ஊருக்கு வர எனக்கு வேறு காரணம் இல்லை.
அக்டோபர். திங்கட்கிழமை.
அருங்காட்சியகம் மூடியிருந்தது.
ரோமானியர் கட்டிய வட்ட அரங்கை இரண்டு முறை சுற்றினேன்;
இரண்டாம் சுற்றில் ஒரு நாய் என்னை அடையாளம் கண்டுகொண்டது.

பிளேன் மரங்கள் தோலுரித்துக்கொண்டு நின்றன.
கைக்குட்டை அகலத்தில் காய்ந்த இலைகள்
விழுந்த பிறகும் ஓயாமல்
செருப்புச் சத்தத்தோடு கல்தெருவில் நடந்து போயின.
நடைபாதையில் பதித்த பித்தளை வில்லைகளில்
பனைமரத்தில் சங்கிலியால் கட்டிய முதலை,
இந்த நகரத்தின் சின்னம்.
எங்கே குனிந்தாலும் ஒரு முதலை.
எங்கேயும் தண்ணீர் இல்லை.

மாற்றுத் துணி தீர்ந்துபோய்
சந்து முனையில் இருந்த சலவைக்கடைக்குள் நுழைந்தேன்.
காசு போட்டால் சுழலும் ஆறு இயந்திரங்கள், இரண்டு பழுது.
மேசைவிரிப்பு துவைக்க வந்த ஒதில் வெஸ்ஸியேர்,
ஓடு வேயும் வேலைக்கு இன்று விடுப்பு என்று இலியெஸ்.
யாரும் யாரையும் பார்க்காத நேரத்தில்
மூவரின் தொலைபேசியும் ஒன்றாக அலறின.
சிவப்பு எச்சரிக்கை. இருக்கும் இடத்திலேயே இருங்கள்.

மழை இன்னும் வரவில்லை.
ஒதில் கதவைத் திறந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டி
"தெற்கிலிருந்துதான்" என்றார்,
வேண்டாத உறவினர் பெட்டியோடு வந்திறங்கியதைச் சொல்வதுபோல.

தெற்கிலிருந்து வரும் காற்றுக்கு
என் மொழியில் ஒரு பெயர் இருக்கிறது என்றேன்.
தென்றல்.
அதை இருமல் மருந்தின் பெயர்போலச் சொல்லிப் பார்த்தார்கள்.
மெல்லியது, மணம் சுமந்து வருவது என்று விளக்கியபோது
இலியெஸ் சிரித்தே விட்டான்.
இங்கே அது கடலைச் சுமந்து வரும்.
செவென் மலையில் முட்டிக்கொண்டு
மொத்தச் சுமையையும் எங்கள் தெருவில் இறக்கும்.
வடக்கிலிருந்து வருமே, பல்லைக் கிட்டவைக்கும் காற்று,
அதுதான் வானத்தைத் துடைத்துத் தரும் நல்ல காற்று.

வாடையை வாழ்த்தும் ஊர்.
என் சொற்களை யாரோ
உள்பக்கம் வெளியே திருப்பித் துவைத்ததுபோல இருந்தது.

பிறகு, மழை.
துளி என்று பிரித்துச் சொல்ல எதுவுமில்லை.
தெரு நான்கே நிமிடத்தில் ஆறு,
நிறம் பால் விட்ட காப்பி.
ஒரு குப்பைத்தொட்டி
வலப்பக்கம் மரியாதையாக ஒதுங்கிப் போனது.

"எண்பத்தெட்டில், அதுவும் அக்டோபர்தான்,
என் குளிர்பெட்டி மூடிய கதவோடு இறங்கிப் போய்
நான்கு வீடு தள்ளி,
எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத ரூக்கெத்தின்
சமையலறையில் நின்றது" என்றார் ஒதில்.
"பால்கூடக் கெடவில்லை.
பெட்டியைத் தரவில்லை அந்த ஆள்.
எலுமிச்சை இரண்டை மட்டும் கொடுத்தனுப்பினார்."

வேறென்ன போயிற்று என்று கேட்க வாயெடுத்தேன்.
இலியெஸ் என் காலை மிதித்தான்.

வாசல்படியில் தண்ணீர் நாக்கை நீட்டியதும்
கையில் கிடைத்ததையெல்லாம் இடுக்கில் திணித்தோம்:
அப்போதுதான் உலர்ந்த என் துண்டு,
இலியெஸின் வேலைச்சட்டைகள்,
ஒதிலின் மேசைவிரிப்பு.
ஒன்றரை மணி நேரம் மண்டியிட்டு
துணியை அழுத்திப் பிடித்திருந்தோம்.
பின்னால் ஓர் இயந்திரம்
ஒற்றைக் காலுறையைச் சுழற்றிக்கொண்டே இருந்தது.

வடிந்தபின் எல்லாவற்றையும் மறுபடி துவைத்தோம்,
ஒரே இயந்திரத்தில், ஒதிலின் காசில்.

மறுநாள் வடக்குக் காற்று.
வானம் கண்கூசும் நீலம்.
ரயில் நிலையம் போகும் வழியில் குனிந்து பார்த்தேன்:
பித்தளை முதலையின் வாயோரம் கொஞ்சம் சேறு.
நேற்று நீந்தியிருக்கும்,
சங்கிலியின் நீளம் வரை.

மோன்பெலியே தாண்டியதும் பையைத் திறந்தால்
நான்காய் மடித்த மேசைவிரிப்பு.
ஓரத்தில் நீல நூலில் இரண்டு எழுத்து,
நடுவில் போகாத பழுப்புக் கறை.
என் துண்டு
எந்தச் சமையலறையில் போய் நிற்கிறதோ.